ஐந்தாம் வகுப்புக்கு எகிப்து நடத்திய வருஷம்

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பித்து இரண்டாவது வருஷம் அது. திண்டிவனத்தில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு பெண்பிள்ளைகள் பள்ளியில் எனக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி இருந்த ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை பாசஞ்சரில் விழுப்புரம் போவேன். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்பா தனியாக இருந்தார். அம்மா நான் டீச்சர் டிரெயினிங்கில் இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பாவுக்குத் துணி துவைத்துப் போட்டு, சமைத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் திரும்பி விடுவேன். ஜங்ஷனில் பட்டாள ஸ்பெஷல்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நம் பக்கத்து ஆட்களாகவே தெரிவார்கள். அப்பா அந்த வண்டிகளைப் பார்க்க மாட்டார். வேலை முடிந்ததும் உள்ளே போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவார்.

என் வகுப்பில் ஏரிக்கரைத் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். பத்து வயதிருக்கும். அந்தத் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் கழனியில் வேலை செய்பவர்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சீசனில் பெண்கள் மண்டியில் தோல் உடைக்கப் போவார்கள். என் தாத்தா அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்து கிளம்பி, ஞானஸ்நானம் வாங்கி, ரயில்வேயில் கூலியாகச் சேர்ந்தவர்தான். அதை நான் பள்ளியில் யாரிடமும் சொன்னதில்லை. மறைத்ததும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா ஆள் சேர்க்க வந்தவர்களோடு பட்டாளத்துக்குப் போயிருந்தார். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. ரோடு போடுவது, கப்பலில் இருந்து சாமான் இறக்குவது, கல் சுமப்பது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள்.

"எங்க அப்பா அனுப்பினாரு, டீச்சர். இது இன்னா மலைன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஒரு ஒல்லியான மனிதர் நின்றிருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். அவருக்குப் பின்னால் பிரமிடு.

"இது மலை இல்லடி," என்றேன். "மனுஷங்க கட்டினது. எகிப்துன்னு ஒரு தேசம். அங்க உங்க அப்பா இருக்கார்."

"செஞ்சிக் கோட்டை மாதிரியா?"

"கோட்டையும் இல்ல. ராஜாவுக்குக் கட்டின சமாதி."

அவள் போட்டோவைத் திரும்ப வாங்கி, முகத்தருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "சமாதிக்கு முன்னாலயா எங்கப்பாவ நிக்க வெச்சி எடுத்தாங்க?" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே போகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டாளா என்று எனக்கு நினைவில்லை.

எங்கள் சரித்திரப் புத்தகத்தில் எகிப்தியரைப் பற்றி ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. ஒரு பீரியடில் முடித்துவிட்டு அசோகருக்கு வந்துவிட வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரெஸ் சொல்லியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கண்டிப்பானவர், மனசு கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா அங்கே இருக்கிறார் என்று நான் சொன்னதும், "சரி, இன்னும் கொஞ்சம் சொல்லு. பரீட்சைக்கு வராது, ஞாபகம் வச்சுக்கோ," என்றார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார அம்மாள் விட்டுச்சென்ற படப்புத்தகம் ஒன்று அலமாரியில் கரையான் அரித்துக் கிடந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் இரண்டு மூன்று பக்கம் படித்தேன். மண்ணெண்ணெய் கிடைப்பது கஷ்டமாக இருந்த காலம். விளக்கைச் சின்னதாக வைத்துப் படித்துத் தலைவலி வந்ததுதான் மிச்சம் என்று அப்போது நினைத்தேன்.

முதல் நாள் கிறிஸ்தவப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு எகிப்து என்றால் பைபிளில் வரும் பார்வோன் ராஜாதான். "அவங்க கெட்டவங்களாச்சே டீச்சர். ஆண்டவர் கடல்ல முழுக அடிச்சாரே. அவங்களப் பத்தி நாம ஏன் படிக்கணும்?" என்று உபதேசியார் மகள் கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். ராஜா கெட்டவனாக இருந்தால் அந்த ஊரில் உழுதவன், நெய்தவன், மீன் பிடித்தவன் எல்லோரும் கெட்டவர்களா என்று திருப்பிக் கேட்டேன். பிள்ளைகள் யோசித்தார்கள். ஏரிக்கரைத் தெருப் பெண் பின்வரிசையிலிருந்து, "கல்லு சொமந்தவங்களுக்குக் கூலி உண்டா?" என்று கேட்டாள். ரொட்டியும் வெங்காயமும் கொடுத்தார்கள், கள் மாதிரி ஒன்றும் கொடுத்தார்கள் என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பாவுக்கும் ரொட்டிதான் குடுக்கறாங்களாம். சோறு இல்லன்னு எழுதியிருந்தாரு," என்றாள்.

நைல் நதியைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க, பள்ளிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டினோம். இரண்டு பக்கமும் களிமண்ணைப் பரப்பி, அதற்கு அப்பால் மணலைக் கொட்டினோம். கிணற்றிலிருந்து வரிசையாக நின்று குடம் குடமாகக் கைமாற்றி வாய்க்கால் நிரம்பி வழிகிற மட்டும் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் வடிந்ததும் எல்லா இடத்திலும் கேப்பையைத் தூவினோம். நாலைந்து நாளில் தண்ணீர் ஏறிய இடத்தில் மட்டும் பச்சை தெரிந்தது. மணலில் ஒன்றும் இல்லை. "அவ்ளோதான் அவங்க ஊரு," என்றேன். "இந்தப் பச்சையிலதான் இருந்தாங்க. இந்த மணல்லதான் செத்தவங்களைக் கொண்டுபோய் வச்சாங்க." பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஏரி நிரம்பினால் சோறு, நிரம்பாவிட்டால் பட்டினி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றுத் தண்ணீரை வீணாக்குகிறேன் என்று ஹெட்மிஸ்ட்ரெஸ் கடிந்துகொண்டார். அந்த வருஷம் மழை சரியில்லை. அவர் சொன்னதும் சரிதான்.

அடுத்தது, இறந்தவர்களை அவர்கள் எப்படி வைத்தார்கள் என்ற பாடம். நான் அதைச் சுருக்கமாக முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டியது அதுதான். உடம்பு கெட்டுப்போனால் உயிர் திரும்பி வந்து தங்க இடம் இல்லாமல் அலையும் என்று எகிப்தியர் நம்பினார்கள். அதனால் குடலையெல்லாம் எடுத்துவிட்டு, ஒரு மாதிரி உப்பில் புதைத்து வைத்து, காய்ந்ததும் மெல்லிசுத் துணியைக் கிழித்துச் சுற்றி, பக்கத்தில் சாப்பாடும் சாமானும் வைத்தார்கள் என்று சொன்னேன்.

"கருவாடு மாதிரியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அப்படித்தான்னு வச்சுக்கோ."

மரக்காணத்து உப்பு வண்டிகள் எங்கள் பள்ளி வாசல் வழியாகத்தான் மார்க்கெட்டுக்குப் போகும். வண்டி குலுங்கும்போது சிந்துகிற உப்பைப் பொறுக்கித் தின்னாத பிள்ளை கிடையாது. அந்த வாரம் அவர்கள் பொறுக்கிய உப்பைத் தின்னவில்லை. புளியமரத்தடியில் பூனை கடித்துப் போட்ட அணிலை எடுத்து, ஒரு சட்டியில் உப்புக்குள் வைத்து, கிணற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். நாற்றம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உப்பு போதவில்லை. நான் திட்டிவிட்டுக் கடையில் இன்னும் உப்பு வாங்கிவரச் சொன்னேன். அது காய்ந்து சுருங்கி, ஒரு பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றப்பட்டு, மல்லாட்டை இரண்டு கைப்பிடியோடு ஒரு பானைக்குள் போயிற்று. சுற்றியவள் ஏரிக்கரைத் தெருப் பெண்தான். ஒரு மடிப்பு விடாமல் சுற்றினாள். ஹெட்மிஸ்ட்ரெஸ் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் அசோகருக்கு வந்த பிறகுதான் சேதி வந்தது.

தாலுகா ஆபீசிலிருந்து ஒரு ஆள் ஏரிக்கரைத் தெருவுக்குப் போய், வீட்டு வாசலில் நின்றபடியே படித்துச் சொல்லிவிட்டு வந்தானாம். சண்டையில் சாகவில்லை. வயிற்றுக்கடுப்பு கண்டு, ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கிடந்து இறந்துபோனார். எங்கே, எந்த நாள் என்பதெல்லாம் கேட்டவர்களுக்கு மனதில் தங்கவில்லை. மறுநாள் காலையில் பெண் வகுப்புக்கு வரவில்லை. அவள் தெருவிலிருந்து வரும் இன்னொரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி ஜெபம் சொன்னேன். சில பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பொடியாக நொறுக்கியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

துக்கத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் அந்தப் பெண்ணின் சித்தப்பா, இறந்தவருக்குத் தம்பி, பள்ளிக்கே வந்துவிட்டார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை.

"டீச்சரம்மா, நீங்க ஒரு நடை வந்து சொன்னாதாங்க ஆவும். பேஜாரா பூட்ச்சுங்க வூட்ல."

"என்ன ஆச்சுங்க?"

"அண்ணன் போயிட்டாரு. பொணம் இல்ல, அதுக்கு இன்னா பண்றது. சட்டை துணிய வெச்சி காரியத்த முடிச்சிடலாம்னு பெரியவங்க சொல்றாங்க. அண்ணி ஒத்துக்க மாட்டேங்குது. தாலியில கைய வெக்க வுட மாட்டேங்குது. கேட்டா இந்தப் பொண்ணு சொல்லிக்கினு கீதாம், அந்த ஊர்ல பொணத்த மண்ணுல போட மாட்டாங்க, உப்பு போட்டு துணி சுத்தி பத்திரமா வெச்சிருப்பாங்க, யுத்தம் முடிஞ்சா கப்பல்ல கொண்டாந்து குடுப்பாங்கன்னு. டீச்சரு சொன்னாங்கன்னு சொல்லுது. நாங்க இன்னாத்த சொல்றது? நீங்க படிச்சவங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. தூங்காத ஆளின் குரல். பள்ளி விட்டதும் வருகிறேன் என்றேன்.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஏரிக்கரை வழியாகப் போனேன். ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. மீதி எல்லாம் வெடித்த சேறு. தெருமுனையில் ஆண்கள் குந்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்கள். அந்த வீட்டுக்குள் நுழையத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. உள்ளே சுவரோரம் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கழுத்தில் தாலிக்கயிற்றை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தாள். பெண் அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அக்கா," என்று கூப்பிட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

அவளே கேட்டாள். "கொயந்த சொல்றது நெசமாங்களா, டீச்சரம்மா? அந்த ஊர்ல பொணத்த கெடாம வெப்பாங்களா?"

"அது ரொம்ப காலத்துக்கு முன்னாலக்கா. இப்ப அங்க யாரும் அப்படிச் செய்யறதில்ல. அப்பவும் ராஜாவுக்கும் பெரிய ஆளுங்களுக்கும்தான் செய்வாங்க."

"கல்லு சொமந்தவங்களுக்கு?"

"மணல்ல குழி தோண்டி வச்சாங்க."

அவள் தாலிக்கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வெளியே யாரோ இருமினார்கள். "மணல்ல வெச்சா இன்னா ஆவும்?"

அந்தப் படப்புத்தகத்தில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. ஏழைகளை வெறும் மணலில் வைத்தார்கள், அந்த மணலின் வறட்சியிலேயே உடம்பு காய்ந்து, முடியும் தோலும் அப்படியே இருந்தது என்று படித்திருந்தேன். அதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவில்லை. இப்போது சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னால் இவள் தாலியை விடமாட்டாள். கெட்டுப்போகும் என்று சொன்னால் அது பொய்.

"மணல்ல வச்சா சீக்கிரம் கெடாதுக்கா," என்றேன். "மழையே இல்லாத மணல். ஆனா அதனால உயிர் திரும்பி வராது."

"உசுரு வரும்னு நான் கேக்கலீங்களே," என்றாள் அவள். "மூஞ்சி இருக்குமான்னுதான் கேட்டேன்."

"இருக்கும்," என்றேன்.

அவள் தாலியிலிருந்து கையை எடுத்தாள். மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ பெரியவங்க சொல்றபடி செய்யட்டும்," என்று வாசல்பக்கம் பார்த்துச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டது. பெண்கள் உள்ளே வந்து அவளைச் சூழ்ந்துகொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

காரியத்தன்று நானும் போனேன். அந்தச் சனிக்கிழமை விழுப்புரம் போகவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டை ஒன்றும் ஒரு துண்டும் பாயில் ஆள் மாதிரி விரித்து வைக்கப்பட்டிருந்தன. இடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. மூங்கில் வேலிக்கு இந்தப்புறமே நின்றுகொண்டோம். பெண் மட்டும் ஓடிப்போய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இடுப்பில் ஒரு சின்னப் பானை இருந்தது. கேப்பைக் களி, வறுத்த மல்லாட்டை, ஒரு கட்டு பீடி, தீப்பெட்டி. பட்டாளத்துக்குப் போகும் முன் அப்பா சவரம் செய்த கண்ணாடித் துண்டு ஒன்று. எல்லாம் குழிக்குள் வைக்க வேண்டும் என்றாள்.

ஒரு பெரியவர் அதட்டினார். "இதெல்லாம் இன்னா புதுப் பயக்கம்? வாய்க்கரிசி போதும்."

"அரிசி போடலாம், களி போடக்கூடாதா?" என்று பெண் கேட்டாள். "அப்பாவுக்குக் களிதான் புடிக்கும்."

சித்தப்பா பானையை வாங்கிச் சட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மண்ணைத் தள்ளினார்கள். அன்று மாலை அந்தத் தாயின் கழுத்தில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பெண் பள்ளிக்கு வந்தாள். பேச்சு குறைந்துவிட்டது, மற்றபடி ஒழுங்காகப் படித்தாள். தாயும் மண்டிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வழியில் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கீங்களா டீச்சரம்மா?" என்பாள். மண்டியிலிருந்து வரும்போது புடவையெல்லாம் மல்லாட்டைத் தோல் தூசி. ஒரு தடவை தானாகவே சொன்னாள்: "அந்த மணலப் பத்தி சொன்னீங்களே. ராத்திரி படுத்தா அதத்தான் நெனச்சிக்குவேன். ஈரம் படாம இருக்காரு." ஏரியில் அப்போது கடைசித் தண்ணீரும் வற்றியிருந்தது. ஊரெல்லாம் மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஒருத்தி மழை இல்லாத இடத்தை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸ் காலியானது. வண்டி வண்டியாக ஜனங்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் பிளாட்பாரத்திலேயே குடித்தனம் நடத்தினார்கள். திண்டிவனத்தில் மாட்டுக்கொட்டாய்க்குக்கூட வாடகை கேட்டார்கள். எங்கள் வகுப்பில் பெஞ்சுக்கு ஐந்து பேர் உட்கார்ந்த இடத்தில் எட்டுப் பேர். அந்த நெரிசலில்தான் ஏரிக்கரைத் தெருவைச் சேர்ந்த இன்னொரு ஆள் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தார். லாரி கவிழ்ந்து கால் நசுங்கி, இனி உதவாது என்று அனுப்பிவிட்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். சிலேட்டு எடுத்து வரவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தாள், ஆனாலும் என் வகுப்புக்குத்தான் வந்தாள். நான் வெளியே போனேன்.

"டீச்சர், அப்பாவ எரிச்சிட்டாங்களாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். திரும்பி வந்தவர் நேற்று ராத்திரி அவள் அம்மாவிடம் சொன்னாராம். அவர் சொல்ல நினைக்கவில்லை. மணலில் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அம்மாதான் தோண்டித் தோண்டிக் கேட்டாளாம்.

"அந்தப் புஸ்தகத்துல எரிச்சா இன்னா ஆவும்னு போட்டிருக்குதா?"

"போடலை," என்றேன். அதில் அப்படி எதுவும் நான் படிக்கவில்லை. பிறகு, "ஊர்ல பாதிப் பேரை எரிக்கத்தானே செய்யறாங்க. அவங்கள்லாம் சாமிகிட்ட போறதில்லையா?" என்றேன்.

"அவங்க எரிக்கச் சொல்லி எரிக்கறாங்க, டீச்சர். எங்கப்பாவக் கேக்காம எரிச்சிட்டாங்க."

அவளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். கையை உருவிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்த ஆளை மார்க்கெட் தெருவில் ஒரு டீக்கடை வாசலில் பார்த்தேன். கக்கத்தில் கட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"பதிவுல ஹிந்துன்னு போட்டிருந்தாங்கம்மா," என்றார். "ஹிந்துன்னா எரிக்கணும்னு அவங்க ரூலு. துலுக்கரு, கிறிஸ்தவரு இவங்களப் பொதைப்பாங்க. எங்க தெருவுல நாங்க பொதைக்கிறவங்கன்னு எடுத்துச் சொல்ல அங்க ஆள் இல்ல. நான் அப்போ வேற கேம்ப்ல இருந்தேன். வந்து பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சு. மரியாதையாத்தான் பண்ணாங்களாம். சல்யூட்டெல்லாம் அடிச்சாங்களாம்." டீயை வைத்துவிட்டு, "பொய் சொல்லியிருக்கலாம்மா. வாய்ல வரல," என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

அந்த வாரமும் அடுத்த வாரமும் பெண் பள்ளிக்கு வரவில்லை. ஹெட்மிஸ்ட்ரெஸ், "போய்க் கூட்டிட்டு வா. நல்லாப் படிக்கிற பிள்ளை," என்று என்னை அனுப்பினார். மண்டிக்குப் போனேன். பெரிய கொட்டகை. உள்ளே நுழைந்ததும் தூசியில் கண் எரிந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மல்லாட்டையைக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். தாய்க்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். தலையைப் பழைய புடவைத் துண்டால் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கை நிற்கவில்லை.

தாய் எழுந்து வந்தாள். நான் சொல்லவந்ததைச் சொன்னேன். இன்னும் இரண்டு வருஷம் படித்தால் டிரெயினிங்குக்கு அனுப்பலாம், மிஷனில் போர்டிங் கேட்டுப் பார்க்கலாம், நானே பேசுகிறேன் என்றேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியுங்க," என்றாள். "உங்களை நான் ஒண்ணும் நெனச்சிக்கல. நீங்க அந்த நேரத்துல சொன்னதால ஒரு வருசம் தூங்கினேன். ஆனா இவ படிச்சது போதுங்க."

"ஏன்க்கா?"

"படிச்சா கேள்வி கேக்கறா. அவரு எங்க இருக்காரு, எரிஞ்ச சாம்பல எங்க கொட்டினாங்க, யாரைக் கேட்டுக் கொட்டினாங்கன்னு விடிஞ்சா கேள்வி. நான் இன்னா சொல்லுவேன்? இங்க உக்காந்தா கை வலிக்கும். பேசாம தூங்கிடுவா."

மேஸ்திரி அந்தப் பக்கம் பார்த்தான். அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் இன்னும் கொஞ்சம் நின்றேன். பெண் நிமிரவே இல்லை. வெளியே வந்தபோது என் புடவையிலும் தூசி படிந்திருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனேன். ஒரு தடவை ஹெட்மிஸ்ட்ரெஸும் கூட வந்தார். பலிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் அவள் இடத்தில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். என் ஐந்தாம் வகுப்பில் எகிப்து முறை வந்தபோது புத்தகத்தில் இருந்த அந்த ஒரு பக்கத்தைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொன்னேன். சந்தேகம் உண்டா என்றேன். இல்லை என்றார்கள். மணி அடித்தது.

அந்த மழைக்காலம் மழை பெய்தது. ஏரி நிரம்பியது. கூடவே காலராவும் வந்தது. ஏரிக்கரைத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் என்கிற மாதிரி போனார்கள். பள்ளியை மூடிவிட்டோம். நான் விழுப்புரத்தில் இருந்தேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தத் தெருவுக்குத்தான் போனேன். சித்தப்பாவின் வீட்டுக்காரி இறந்துவிட்டாள் என்றும், இந்த ஊரே வேண்டாம் என்று அவர் தன் பிள்ளைகளையும், அண்ணியையும், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்கு ஆள் எடுத்தவர்களோடு போய்விட்டார் என்றும் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அவள் கையில் கைக்குழந்தை இருந்தது. அது விடாமல் அழுதுகொண்டிருந்தது.

"உங்ககிட்ட சொல்லிட்டு வரேன்னு அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சுங்க," என்றாள். "கேட்டு பூட்டியிருந்துச்சாம். வண்டிக்கு நேரமாச்சின்னு அவங்க சித்தப்பா ஜல்தி பண்ணிக்கினு இருந்தாரு."

"என்ன சொல்ல வந்தான்னு ஏதாவது சொன்னாளா?"

"அதெல்லாம் தெரியலீங்க. போறேன்னு சொல்லத்தான் வந்திருக்கும்."

குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கோலாருக்கு இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். எந்தச் சுரங்கம், எந்த லைன் வீடு என்று தெரியாமல் எழுதினால் எங்கே போய்ச் சேரும். பதில் வரவில்லை. யுத்தம் முடிகிறதற்குள் அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. நான் திண்டிவனத்து வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்திலேயே ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்தது ஒன்றாம் வகுப்பு. எழுத்து மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.